கிரேக்க நகர அரசுகள்: நான்கு கட்ட அட்டவணையில் அடங்குமா?

கரிசல்காற்று

வணக்கம் நண்பர்களே. போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் குறிப்புகளில் பண்டைய கிரேக்க நகர அரசுகளுக்கு ஒரே ஒரு அட்டவணைதான். முதலில் மன்னராட்சி, அடுத்து பிரபுக்கள் ஆட்சி, அப்புறம் டைரன்ட்கள் (மரபுப்படி வராமல் ஆட்சியைத் தனியாகக் கைப்பற்றியவர்கள்), கடைசியில் மக்களாட்சி. நான்கு கட்டம், நடுவில் அம்புக்குறிகள், அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க எந்த ஊரும் அதில் பொருந்தவில்லை. ஸ்பார்ட்டாவில் மன்னர்கள் போகவே இல்லை, அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேர். கொரிந்தில் டைரன்ட்கள் போன பிறகு மக்களாட்சி வரவில்லை, பணக்காரர்கள் கைக்கே ஆட்சி திரும்புகிறது. ஏதென்ஸில் மக்களாட்சி வந்து நூறு வருடம் ஆகும் நேரத்தில் இரண்டு தடவை கவிழ்கிறது. அட்டவணை சரியா? ஓர் ஆட்சிமுறையை இன்னொன்றாக மாற்றியது எது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி

ஆட்சிகளை வரிசைப்படுத்தும் ஆசை கிரேக்கர்களுக்கே உண்டு. பிளேட்டோ ஒரு வரிசை சொன்னார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அதை ஒரு சுழற்சியாகவே ஆக்கிவிட்டார். அரிஸ்டாட்டில் பிளேட்டோவின் வரிசையை ஏற்கவில்லை. அவர் பள்ளியில் 158 அரசுகளின் அமைப்புகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஏதென்ஸ் பற்றிய நூல் மட்டும் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் அச்சேறியது. அந்த நூல் ஏதென்ஸ் ஒன்றிலேயே பதினோரு மாற்றங்களை எண்ணுகிறது. உங்கள் குறிப்பில் இருக்கும் அம்புக்குறிகள் அதற்கே போதாது.

என் கருத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான மாற்றங்கள் கீழிருந்து தொடங்கவில்லை. மேலே இருந்த குடும்பங்கள் தங்களுக்குள் சண்டை போட்டன. தோற்கும் பக்கம் துணைக்கு ஆள் கூப்பிட்டது. சில சமயம் பக்கத்து ஊர் டைரன்ட், சில சமயம் ஸ்பார்ட்டாவின் படை, சில சமயம் சொந்த ஊர்ப் பொதுமக்கள். யாரைக் கூப்பிட்டார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த ஆட்சியின் வடிவம் அமைந்தது.

கொரிந்தைப் பாருங்கள். பாக்கியாட் என்ற ஒரே குலம், சுமார் 200 பேர், ஆண்டுக்கு ஒருவரைத் தலைவராக அமர்த்தி ஊரை ஆண்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் குலத்துக்குள்ளேயேதான். அந்தக் குலத்தில் லாப்டா என்ற பெண்ணுக்குக் கால் ஊனம். உள்ளே கட்டிக்கொள்ள யாரும் முன்வராததால் வெளியில் கட்டிக்கொடுத்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அவள் மகன்தான் கிப்செலஸ். கி.மு. 657 வாக்கில் தாய்வழிச் சொந்தங்களையே துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்தான். முப்பது வருடம் ஆண்டும் மெய்க்காவலர் வைத்துக்கொள்ளவில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ஊரில் அவனுக்கு எதிர்ப்பு அவ்வளவு குறைவு. மகன் பெரியாண்டர் காலத்தில் நிலைமை மாறி, காவலர் படை வந்தது, கெடுபிடி வந்தது. பெரியாண்டருக்கு அடுத்து வந்தவன் மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடித்தானா என்பது சந்தேகம்தான். அதன் பிறகு கொரிந்து ஒரு சிறு குழுவின் ஆட்சிக்குத் திரும்பியது, நீண்ட காலம் அப்படியே இருந்தது.

நீலக்கடல்

அதற்கு முன்னால் மன்னர்கள் எப்படி மறைந்தார்கள்? புரட்சி நடந்ததா?

ஏட்டுச்சுவடி

மைசீனி கால அரண்மனைகள் கி.மு. 1200ஐ ஒட்டி எரிந்து அழிந்ததோடு பெரிய மன்னர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இருந்தவர்கள் சிறு சிறு ஊர்த்தலைவர்கள்தான். அவர்களையும் யாரும் தலையை வெட்டி இறக்கவில்லை. ஏதென்ஸில் மரபாகச் சொல்லப்படுவது இது: தலைமைப் பதவி முதலில் ஆயுள் முழுவதும், அப்புறம் பத்து வருடம், கி.மு. 683 வாக்கிலிருந்து ஒரே வருடம். வேலையும் பிரிந்தது. போருக்கு ஓர் அதிகாரி, வழக்குகளுக்கு ஆறு பேர், ஆண்டுக்குப் பெயர் கொடுக்கும் ஓர் அதிகாரி. மன்னர் என்ற பட்டம் மட்டும் பூசை, பலி, கொலை வழக்கு ஆகியவற்றைப் பார்க்கும் ஓர் ஆண்டு அதிகாரிக்குப் போனது. சாக்ரடீஸ் மீதான வழக்கு முதலில் பதிவானது அந்த ‘மன்னர்’ அலுவலகத்தில்தான்.

கிரீட் தீவில் ட்ரேரோஸ் என்ற சின்ன ஊர். கி.மு. 650ஐ ஒட்டி அங்கே கோயில் சுவரில் ஒரு சட்டம் வெட்டினார்கள். ஊரின் தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவன் பத்து வருடத்துக்கு மறுபடி அதற்கு வரக்கூடாது. வந்தால் அவன் தரும் தீர்ப்புக்கெல்லாம் இரு மடங்கு அபராதம் கட்ட வேண்டும், பதவி வகிக்கும் தகுதியும் போகும். கல்லில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கச் சட்டங்களில் இது ஒன்று. பதவியைச் சுற்றில் விட வேண்டும், ஒருவனே பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற கவலைதான் அதில் இருக்கிறது. அந்தக் கவலை யாருக்கு? தன் முறைக்காகக் காத்திருந்த மற்ற பெரிய வீடுகளுக்கு.

உப்பளம்

ஏட்டுச்சுவடி ஐயா சொல்வதில் பெரிய வீட்டுச் சண்டை மட்டும்தான் தெரிகிறது. கடனையும் நிலத்தையும் விட்டுவிட்டு இந்த மாற்றங்களைப் பேச முடியாது.

கி.மு. 594இல் சோலோனுக்கு ஏதென்ஸ் ஏன் அவ்வளவு அதிகாரம் கொடுத்தது? ஏதென்ஸைச் சேர்ந்த நிலப்பகுதியான அட்டிகாவில் ஏழை விவசாயிகள் பணக்காரர்களின் நிலத்தில் ஆறில் ஒரு பங்குக் கணக்கில் உழைத்தார்கள். கடனுக்கு உடலையே ஈடு வைத்தார்கள். கட்ட முடியாதவனை மனைவி மக்களோடு அடிமையாக விற்றார்கள், சிலரைக் கடல் தாண்டியும் விற்றார்கள். சோலோன் கவிஞரும்கூட. தான் செய்ததை அவரே பாட்டில் சொல்லியிருக்கிறார்: பல இடங்களில் நட்டிருந்த எல்லைக் கற்களைப் பிடுங்கினேன், முன்பு அடிமையாக இருந்த கருப்பு நிலம் இப்போது விடுதலை பெற்றது, விற்கப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன், அதில் சிலருக்கு அலைந்து அலைந்து சொந்த மொழியே மறந்துவிட்டிருந்தது. அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. ஒரு மனிதன் தன் பேச்சையே மறக்கும் அளவுக்கு எத்தனை வருடம் அந்நிய ஊரில் கிடந்திருப்பான்!

கடன்கள் ரத்து. உடலை ஈடு வைத்துக் கடன் வாங்குவதற்குத் தடை. அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். குடிமக்களை விளைச்சல் அளவை வைத்து நான்காகப் பிரித்தார். 500 அளவை, 300, 200, அதற்குக் கீழே. எந்தப் பதவிக்கு யார் வரலாம் என்பதைக் குலம் தீர்மானிப்பது போய், சொத்து தீர்மானிக்க ஆரம்பித்தது. கடைசிப் பிரிவுக்குப் பதவி கிடையாது, ஆனால் மக்கள் சபையிலும் வழக்கு மன்றத்திலும் இடம் உண்டு. அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். சட்டங்களைப் போட்டுவிட்டுப் பத்து வருடம் வெளியூர் போய்விட்டார்.

இதில் எந்தப் பெரிய வீட்டுச் சண்டை இருக்கிறது? பசிதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

பசி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பசி எல்லா ஊரிலும் இருந்தது, சோலோன் எல்லா ஊரிலும் வரவில்லை. அவர் போன பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த பத்து வருடத்தில் இரண்டு தடவை தலைமை அதிகாரியையே தேர்ந்தெடுக்க முடியாமல் ஊர் நின்றது. டமாசியஸ் என்பவர் ஒரு வருடப் பதவியில் இரண்டு வருடம் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட, வலுக்கட்டாயமாக இறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சமவெளிக்காரர்கள், கடற்கரைக்காரர்கள், மலைப்பக்கத்துக்காரர்கள் என்று மூன்று கட்சி. மூன்றுக்கும் தலைவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான்.

மூன்றாவது கட்சியின் பெய்சிஸ்ட்ராட்டஸ் தன் உடம்பிலும் கோவேறு கழுதைகள் மீதும் காயம் ஏற்படுத்திக்கொண்டு சந்தைவெளிக்கு வண்டியை ஓட்டிவந்து, ‘எதிரிகள் கொல்லப் பார்த்தார்கள்’ என்றார். சபை தடி ஏந்திய காவலர்களைக் கொடுத்தது. அந்தக் காவலர்களை வைத்தே கோட்டையைப் பிடித்தார். துரத்தப்பட்டார். பிறகு முன்பு எதிரியாக இருந்த மெகாக்ளீஸ் தன் பெண்ணைக் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார். ஃபியே என்ற உயரமான பெண்ணுக்குப் போர்க்கவசம் மாட்டி, அத்தீனா தெய்வமே அவரை அழைத்துவருவதாகச் சொல்லித் தேரில் ஊர்வலம் விட்டார்கள். அந்தத் திருமண உறவு முறிந்ததும் ஆட்சியும் போயிற்று. கடைசியில் கி.மு. 546இல் கூலிப்படையோடும் வெளியூர் நண்பர்களோடும் வந்துதான் நிலையாக உட்கார்ந்தார். ஒரு சம்பந்தம் முறிந்ததில் ஓர் ஆட்சி கவிழ்கிறது என்றால் அதை வேறு எப்படிச் சொல்வது?

உப்பளம்

உட்கார்ந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள் ஐயா. ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார். வழக்குக்காக அவர்கள் நகரத்துக்கு அலையாமல் இருக்கக் கிராமங்களுக்கே நீதிபதிகளை அனுப்பினார். நீங்கள் சொன்ன அதே பாப்பிரஸ் நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஹிமெட்டஸ் மலைச்சரிவில் ஒருவன் வெறும் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தான். இதில் என்ன விளைகிறது என்று ஆள் விட்டுக் கேட்டார் பெய்சிஸ்ட்ராட்டஸ். ‘நோவும் வலியும்தான் விளைகிறது, அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பெய்சிஸ்ட்ராட்டஸ் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்றானாம், கேட்பது யார் என்று தெரியாமல். அந்த நிலத்துக்கு வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பெரிய வீட்டுக்கு வெளியே ஓர் ஆதரவு இருந்ததால்தான் டைரன்ட்கள் நின்றார்கள். மெகாராவில் தியாஜெனிஸ் ஆற்றோரம் மேய்ந்த பணக்காரர்களின் மாடுகளை வெட்டித்தான் மக்களின் நம்பிக்கையைப் பெற்றார் என்று அரிஸ்டாட்டிலே எழுதுகிறார்.

துடுப்பு

இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்: ஊருக்காக யார் சண்டை போட்டார்கள்? அரிஸ்டாட்டில் இதையும் சொல்கிறார். குதிரைப்படை முக்கியமாக இருந்த காலத்தில் குதிரை வளர்க்க வசதி உள்ள சிலர் ஆண்டார்கள். கேடயமும் ஈட்டியும் சொந்தமாக வாங்க முடிந்த நடுத்தர விவசாயி வரிசையில் நின்றபோது ஆட்சியில் பங்கு பெற்றோர் தொகை பெருகியது. ஏதென்ஸில் கடற்படை வந்தபோது கடைசிப் பிரிவும் உள்ளே வந்தது.

கி.மு. 483இல் லாரியம் சுரங்கத்தில் புதிதாக வெள்ளி கிடைத்தது. குடிமக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, கப்பல் கட்டுவோம் என்று தெமிஸ்டாக்ளீஸ் சபையைச் சம்மதிக்க வைத்தார். ஒரு மூவடுக்குக் கப்பலில் 200 பேர், அதில் 170 பேர் துடுப்புப் போடுபவர்கள். அதற்குக் கவசமும் வேண்டாம், குதிரையும் வேண்டாம், உடம்பும் பயிற்சியும் இருந்தால் போதும். அந்தக் கடற்படை பாரசீகரை வென்ற சலாமிஸ் போர் கி.மு. 480. இருபது வருடத்துக்குள், கி.மு. 462இல், எபியால்டீஸ் பழைய உயர்குடி மன்றமான அரியோபகஸின் அதிகாரங்களைப் பிடுங்கி 500 பேர் மன்றத்துக்கும் மக்கள் சபைக்கும் வழக்கு மன்றங்களுக்கும் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரைக் கொன்றுவிட்டார்கள். சட்டம் மட்டும் நின்றது. பெரிக்ளீஸ் காலத்தில் வழக்கு மன்றத்தில் உட்காருபவர்களுக்குப் படியும் வந்தது.

ஏட்டுச்சுவடி

துடுப்பு, கொரிந்து இதில் எங்கே வருகிறது? கிரேக்கத்தில் மூவடுக்குக் கப்பலை முதலில் கட்டியதே கொரிந்துதான் என்கிறார் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். பெரிய கடற்படை வைத்திருந்தது. துடுப்புப் போட்டவர்களுக்கு அங்கே ஆட்சியில் பங்கு கிடைக்கவில்லை. கப்பல் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

துடுப்பு

உண்மைதான், கப்பல் தானாக எதையும் தராது. ஏதென்ஸில் அதற்கு முன்பே சபையும் ஊர்மன்றங்களும் பழக்கத்தில் இருந்தன. கேட்க வாய் இருந்தது, உட்கார இடம் இருந்தது. கொரிந்தில் அது இல்லை. கப்பல் அந்த வாய்க்குப் பலம் கொடுத்தது என்று சொல்வேன்.

கரிசல்காற்று

அந்த ‘உட்கார இடம்’ எப்படி வந்தது? குறிப்பில் க்ளைஸ்தனீஸ் பெயரும் ‘பத்து இனக்குழு’ என்பதும் மட்டும்தான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கி.மு. 510இல் பெய்சிஸ்ட்ராட்டஸின் மகன் ஹிப்பியஸைத் துரத்தியது மக்கள் இல்லை, ஸ்பார்ட்டாவின் மன்னர் கிளியோமினிஸ். அதன் பிறகு இசாகோரஸ், க்ளைஸ்தனீஸ் என்ற இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் மோதினார்கள். தோற்றுக்கொண்டிருந்த க்ளைஸ்தனீஸ் பொதுமக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். உடனே இசாகோரஸ் ஸ்பார்ட்டாவைக் கூப்பிட்டார். கிளியோமினிஸ் சிறு படையோடு வந்து 700 குடும்பங்களைத் துரத்தி, மன்றத்தைக் கலைக்கப் பார்த்தார். மன்றம் மறுத்தது. ஊர் திரண்டு அவரைக் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் இரண்டு நாள் முற்றுகையிட்டது. மூன்றாம் நாள் உடன்பாடு செய்துகொண்டு ஸ்பார்ட்டாக்காரர்கள் வெளியேறினார்கள். அந்த நேரத்தில் க்ளைஸ்தனீஸ் ஊரிலேயே இல்லை, நாடு கடத்தப்பட்டிருந்தார். துணைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் தலைவன் இல்லாமலேயே நின்ற தருணம் அது. உப்பளம் சொல்லும் மக்கள் இங்கேதான் தாமாகவே வருகிறார்கள் என்பதை நான் மனதார ஏற்கிறேன்.

பிறகு வந்தது அமைப்பு. அட்டிகா முழுவதையும் நகரம், கடற்கரை, உள்நாடு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துத் துண்டாக்கினார்கள். மூன்று பகுதியிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து ஒரு இனக்குழு. ஆக 30 துண்டு, 10 குழு. முன்பு தனித்தனிக் கட்சியாக நின்ற கடற்கரைக்காரனும் உள்நாட்டுக்காரனும் இப்போது ஒரே குழுவில் ஓட்டுப் போட வேண்டும், ஒரே வரிசையில் போருக்குப் போக வேண்டும். கீழே 139 ஊர்கள். குடிமகனின் பெயர் பதிவது அந்த ஊர்ப் பதிவேட்டில். ஒவ்வொரு குழுவிலிருந்தும் 50 பேர், மொத்தம் 500 பேர் மன்றம்.

அந்த 500 பேர் சீட்டு முறையில் வருவார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் இருக்க முடியாது. ஒவ்வொரு குழுவின் 50 பேரும் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு நாள் பொறுப்பில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஓர் இரவும் பகலும் தலைவர். கருவூலம், ஆவணங்கள் இருக்கும் கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் அன்று அவர் கையில். மறுபடி அந்தப் பொறுப்பு அவருக்கு வராது.

வழக்கு மன்றத்துக்கு ஆள் எடுக்கும் கல் இயந்திரத்தின் துண்டுகள் ஏதென்ஸ் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கல்லில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். ஒவ்வொருவரும் பெயர் பொறித்த தன் தகட்டைக் கொடுக்க, அதைப் பிளவில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய், மேலிருந்து கருப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள். வெள்ளைக் குண்டு விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அன்று தீர்ப்புச் சொல்ல உட்காரும். கருப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லை.

பெரிய வீட்டுச் சண்டை அப்போதும் ஓயவில்லை. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளீஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. ஒருவரைப் பத்து வருடம் வெளியேற்ற ஓட்டுப் போடும் ஓடுகள். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் எழுதிய கைகள் மிகச் சிலவே. எதிரிகள் முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். ஆனால் முடிவு எடுக்கும் இடம் மாறிவிட்டது. 6000 பேர் ஓடு போட்டால்தான் வெளியேற்றம் செல்லும்.

வெண்பலகை

இவ்வளவு நேரமும் ‘மக்கள்’ என்று பேசுகிறோம். அந்தச் சபையில் ஒரு பெண்கூட இல்லை. அடிமைகள் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஏதென்ஸில் வாழ்ந்து வரி கட்டிய வெளியூர்க் குடும்பங்களும் இல்லை. துடுப்பு சொன்ன லாரியம் வெள்ளியை வெட்டியெடுத்தது அடிமைகள். மக்களாட்சி விரிய விரிய வேலி இறுகியது. கி.மு. 451இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் வழி வந்தவர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். பிறகு தன் சட்டப்பூர்வமான இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்தபோது, மைலீட்டஸ் ஊர்க்காரியான அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகனுக்குக் குடியுரிமை கேட்டு அவரே சபை முன் நிற்க வேண்டியிருந்தது. சபை கொடுத்தது. மற்றத் தாய்மார்களுக்கு அப்படிக் கேட்கும் வழி இல்லை. தேர்வு விடையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுங்கள் தம்பி.

கரிசல்காற்று

கட்டாயம் எழுதுகிறேன் அக்கா. ஸ்பார்ட்டா ஏன் மாறவில்லை என்பதும் வேண்டும்.

துடுப்பு

ஸ்பார்ட்டாவில் எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று நின்றது. இரண்டு மன்னர், 60 வயது தாண்டிய 28 பேரோடு மூத்தோர் மன்றம், ஆண்டுக்கு ஐந்து எஃபோர்கள் என்ற மேற்பார்வை அதிகாரிகள், குடிமக்கள் சபை. மன்னர்களும் எஃபோர்களும் மாதாமாதம் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள்: சட்டப்படி ஆள்வேன் என்று மன்னர், அப்படி ஆண்டால் பதவியைக் காப்போம் என்று எஃபோர்கள். மூத்தோர் தேர்தல் கூச்சலால் நடந்தது. வேட்பாளர்கள் ஒவ்வொருவராக நடந்து போவார்கள், வெளியே பார்க்க முடியாத அறையில் இருப்பவர்கள் எதற்குச் சத்தம் அதிகம் என்று குறித்துக்கொள்வார்கள்.

அமைப்பு மாறாததற்கு முக்கியக் காரணம் ஹெலட்கள். மெசீனியாவைப் பிடித்து அங்கிருந்தவர்களை நிலத்தோடு கட்டிய அடிமைகளாக்கினார்கள். ஆண்டுதோறும் எஃபோர்கள் பதவியேற்றதும் அவர்கள் மீது போர் அறிவிப்பார்கள், அவர்களைக் கொன்றாலும் பாவம் சேராமல் இருக்க. அந்தப் பயத்தில் ஸ்பார்ட்டாக்காரர்கள் தங்களுக்குள் பிளவுபடத் துணியவில்லை. பொதுப்பந்திக்குப் பங்கு கட்ட முடியாதவன் முழுக் குடிமகன் இல்லை என்ற விதி வேறு. நிலம் சிலர் கையில் சேரச் சேர ஆள் குறைந்தது. கி.மு. 480 வாக்கில் சுமார் 8000 பேர். கி.மு. 371இல் லூக்ட்ரா போரில் களத்தில் இருந்த முழுக் குடிமக்கள் 700 பேர், அதில் 400 பேர் ஒரே நாளில் இறந்தார்கள். கி.மு. 227இல் மன்னர் மூன்றாம் கிளியோமினிஸ் எஃபோர்களைக் கொன்று நிலத்தைப் பகிர்ந்தபோது காப்பாற்ற அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

உப்பளம்

ஏதென்ஸ் இரண்டு தடவை கவிழ்ந்ததையும் சொல்லிவிடலாம். ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரில், சிசிலியில் கடற்படை அழிந்து, கஜானா காலியான பிறகு, கி.மு. 411இல் ஊருக்கு வெளியே கொலோனஸில் சபையைக் கூட்டி, சபையின் வாயாலேயே மக்களாட்சியை முடித்தார்கள். நானூறு பேர் ஆட்சி. அதற்கு முன்பே கொலைகளால் ஊரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள், எதிர்த்துப் பேச ஆள் இல்லை. சாமோஸ் தீவில் இருந்த கடற்படை மட்டும் ஏற்கவில்லை. துடுப்புப் போட்டவர்கள் அங்கேயே சபை கூட்டித் தளபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நானூறு பேர் நான்கு மாதத்தில் விழுந்தார்கள்.

கி.மு. 404இல் ஸ்பார்ட்டா ஜெயித்ததும் முப்பது பேர் ஆட்சி. சுமார் 1500 பேரை விசாரணையின்றிக் கொன்றார்கள். சொத்துக்காக வெளியூர் வணிகர்களையும் விடவில்லை. திராசிபுலஸ் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஃபைலே மலைக்கோட்டையிலிருந்து கிளம்பி, துறைமுகத்தைப் பிடித்து, கி.மு. 403இல் மக்களாட்சியை மீட்டார். ஜெயித்தவர்கள் பழிவாங்கவில்லை. முப்பது பேரும் அவர்களுடைய முக்கிய அதிகாரிகளும் தவிர யார் மீதும் பழைய குற்றத்தைக் கிளறுவதில்லை என்று ஊரே சத்தியம் செய்தது. அண்ணனைப் பறிகொடுத்தவனும் அந்தச் சத்தியத்தைச் செய்தான். கிரேக்கர்கள் செய்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நீலக்கடல்

அப்படியானால் எப்போது முடிந்தது?

ஏட்டுச்சுவடி

பாடப்புத்தகம் கி.மு. 322 என்று சொல்லும். மாசிடோனியாவின் ஆன்டிபேட்டர் ஏதென்ஸை வென்று, 2000 திராக்மா (வெள்ளி நாணயம்) சொத்து இல்லாதவர்களின் குடியுரிமையைப் பறித்தார். 9000 பேர்தான் மிஞ்சினார்கள், வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரேசுக்குக் குடியேறப் போனார்கள். ஆனால் நான்கே வருடத்தில் மக்களாட்சி திரும்பியது. அடுத்த ஆண்டே போயிற்று, சொத்து வரம்பு 1000 திராக்மா ஆனது. கி.மு. 307இல் மறுபடியும் மக்களாட்சி, அதைக் கொடுத்தவர் இன்னொரு மாசிடோனியத் தளபதி. சபை கூடிக்கொண்டுதான் இருந்தது. கரிசல்காற்று, உங்கள் விடையில் கி.மு. 411, 404, 322, 317 நான்கையும் ஒரே வரிசையில் எழுதி, ஒவ்வொரு முறையும் ஏதென்ஸை வென்றோ மிரட்டியோ நின்ற வெளியூர்ப் படை எது, அதற்கு உள்ளிருந்து கதவு திறந்த பணக்காரக் குழு எது என்று இரண்டு இரண்டு வரி சேருங்கள். கி.மு. 411இல் வெளியூர்ப் படை உள்ளே வரவில்லை, தோல்வியின் பயம் போதுமானதாக இருந்தது, அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.